சுத்த இருதயம் என்றால் என்ன? குடும்ப குரூப்பில் வந்த ஆடியோவுக்கு என் பதில்



கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கிறிஸ்தவர் அல்லாத என் பழைய மாணவர்களும் படியுங்கள். விஷயம் பைபிளைப் பற்றியது போல ஆரம்பிக்கும், ஆனால் உங்கள் ஊரைப் பற்றியதும்தான்.

மூன்று வாரமாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பிரசங்க ஆடியோ சுற்றுகிறது. பதினேழு நிமிஷம். மத்தேயு 5:8-ஐ எடுத்துக்கொண்டு ஒருவர் பேசுகிறார். இருதயம் சுத்தமாக இருக்க வேண்டுமானால் மூன்றை விட்டு விலக வேண்டுமாம்: கெட்ட பார்வை, கெட்ட எண்ணம், கெட்ட கூட்டம். முதல் இரண்டைப் பற்றிப் பதினைந்து நிமிஷம். மூன்றாவதைப் பற்றி இரண்டே நிமிஷம், ஆனால் அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் ஆடியோவே அனுப்பப்பட்டிருக்கிறது. மனு எழுதுகிறவன், கொடி பிடிக்கிறவன், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருகிறவன், இவர்களோடு சேர்ந்தால் விசுவாசியின் இருதயத்தில் கசப்பு வந்துவிடும், கசப்பு வந்தால் சுத்தம் போய்விடும் என்கிறார். அதற்குக் கீழே தம்பி முறை ஆகிற ஒருவர், "நம்ம அக்கா அவசியம் கேட்க வேண்டிய செய்தி" என்று போட்டு நாலு கை கும்பிட்டிருக்கிறார். கேட்டேன் தம்பி. இரண்டு முறை கேட்டேன். பதில் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் குரூப்பில் எழுதினால் "அட்மின் ஒன்லி" ஆக்கிவிடுவீர்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து சபை ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஞாயிறு மன்றாட்டு ஜெபத்தில் வாசிக்கச் சொல்லி ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். காட்டுப்பள்ளியிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் தொழிலை இழந்து நிற்கிற குடும்பங்களைக் கர்த்தர் நினைத்தருள வேண்டும் என்று. அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை, எந்தக் கம்பெனியின் பெயரும் இல்லை. சீட்டு திரும்பி வந்தது. "இதெல்லாம் பொலிடிக்ஸ் அம்மா, ஜனங்க மனசு கலங்கிடும்" என்றார்கள். அதே ஆராதனையில் புது மண்டபத்துக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்த ஒரு கான்ட்ராக்டரின் குடும்பத்துக்காக நன்றி ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. டைல்ஸுக்கு ஜெபம் உண்டு, மனுஷனுக்கு இல்லை. இதைக் கேட்டதற்குத்தான் எனக்கு "கசப்பு" என்று பெயர்.

சரி, வேதத்துக்கு வருவோம். சண்டை அங்கேதானே.

மத்தேயு 5:8-ல் சுத்தம் என்று வருகிற இடத்தில் மூலமொழியான கிரேக்கத்தில் இருக்கிற சொல் "கதரோஸ்". கலப்பில்லாதது என்பது அதன் பொருள். பதர் போன நெல்லுக்கும், கசடு நீங்கிய உலோகத்துக்கும், தெளிந்த தண்ணீருக்கும் அந்தச் சொல் பொருந்தும். நம் ஊரில் சொல்வதானால் தண்ணீர் கலக்காத பால். பாலில் தூசி விழுந்தால் எடுத்துப் போட்டுவிடலாம். பால்காரர் தண்ணீர் கலந்தால்தான் பால் கெடுகிறது. இருதயத்தின் அசுத்தமும் அப்படித்தான். வெளியிலிருந்து வந்து விழுகிற தூசியை விட, ஒரே பாத்திரத்தில் இரண்டை ஊற்றி வைத்திருப்பதுதான் ஆபத்து. யாக்கோபு இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 4:8 பாருங்கள். கைகளைச் சுத்தப்படுத்தச் சொல்கிறார், இருதயத்தைச் சுத்தமாக்கச் சொல்கிறார். யாரைப் பார்த்து? இரண்டு மனம் உள்ளவர்களைப் பார்த்து. டைல்ஸ் கொடுத்தவரும் மனம் நோகக் கூடாது, கர்த்தரும் கோபிக்கக் கூடாது என்று நினைக்கிற மனத்துக்குப் பெயர் அதுதான்.

இன்னொரு விஷயம். சங்கீதம் 24-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கர்த்தருடைய மலையில் ஏறத் தகுந்தவன் யார் என்று கேள்வி. பதிலில் முதலில் வருவது கை, இரண்டாவது இருதயம். இந்த வரிசை எனக்கு முக்கியம். அங்கே கைக்குப் போட்டிருக்கிற எபிரெயச் சொல், சோப்புப் போட்டுக் கழுவின சுத்தத்தைக் குறிப்பதல்ல. குற்றமில்லாத இரத்தம் என்று பழைய ஏற்பாடு சொல்லுகிற இடங்களில் வருகிற அதே சொல். அதாவது இன்னொருவனுடைய இரத்தம் படாத கை. சோப்புப் போட்டுக் கழுவினவர் ஒருவர் வேதத்தில் இருக்கிறார், பிலாத்து. கூட்டத்துக்கு முன்னால் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கழுவினார். அந்தக் கையைச் சுத்தமான கை என்று இரண்டாயிரம் வருஷமாக ஒருவரும் சொன்னதில்லை.

சங்கீதம் 15-ம் அதே கேள்வியைத்தான் கேட்கிறது. அங்கே வருகிற பட்டியலில் என்ன இருக்கிறது? அயலானைப் பற்றிப் புறங்கூறாமை. வட்டிக்குக் கொடுக்காமை. குற்றமில்லாதவனுக்கு எதிராக லஞ்சம் வாங்காமை. தனக்கு நஷ்டம் வந்தாலும் கொடுத்த வாக்கை மாற்றாமை. சினிமா பார்க்காமை இல்லை, நகை போடாமை இல்லை. போடாதவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதுவே சுத்தம் என்று அளக்க ஒரு ஸ்கேல் செய்துகொண்டு, வட்டிக்கும் லஞ்சத்துக்கும் வாக்குத் தவறுவதற்கும் ஸ்கேலை எடுத்து உள்ளே வைத்துக்கொள்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

ஆடியோக்காரர் மாற்கு 7-ம் அதிகாரத்தையும் தொட்டார். மனுஷனுக்கு உள்ளேயிருந்து வருவதுதான் அவனைத் தீட்டுப்படுத்தும் என்று இயேசு சொன்ன இடம். அங்கே பொல்லாத சிந்தனைகளைச் சொல்லிவிட்டு ஒரு பட்டியல் வருகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்பது போல உங்களிடம் கேட்கிறேன், எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு. அதில் உடல் சம்பந்தமானவை மூன்று. மீதி ஒன்பதில் களவு இருக்கிறது, கொலை இருக்கிறது, பொருளாசை இருக்கிறது, கபடம் இருக்கிறது, அடுத்தவன் நன்றாக இருந்தால் பொறுக்காத கண் இருக்கிறது, பெருமை இருக்கிறது. நம் கன்வென்ஷன்களில் அந்த மூன்றைப் பற்றி மட்டும் மூன்று இரவு பேசுகிறார்கள். மீதி ஒன்பதுக்கு நேரம் இருப்பதில்லை, ஆஃபரிங் எடுக்க வேண்டுமே.

அதே அதிகாரத்தில் சற்று முன்னால் "கொர்பான்" என்ற ஒரு சமாசாரம் வருகிறது. தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை, "அது ஆலயத்துக்கு நேர்ந்துவிட்டேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிற தந்திரம். இயேசுவுக்கு அதன்மேல் வந்த கோபத்தைப் படியுங்கள். ஒருவனுக்குச் சேர வேண்டியதை எடுத்து ஆலயத்துக்குக் கொடுத்தால் அது காணிக்கை ஆகாது என்பதுதானே அதன் அர்த்தம்? டைல்ஸ் விஷயம் மறுபடி நினைவுக்கு வருகிறது. வேண்டாம், விடுகிறேன்.

கோபம் என்றதும் நினைவு வருகிறது. விசுவாசிக்குக் கோபம் கூடாது, அமைதிதான் சுத்தம் என்கிறார் ஆடியோவில். மாற்கு 3:5 என்ன சொல்கிறது? சூம்பின கையுடைய ஒருவன் ஜெப ஆலயத்தில் நிற்கிறான். ஓய்வுநாளில் சுகமாக்கலாமா கூடாதா என்று இயேசு கேட்கிறார், எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய இருதயம் கடினப்பட்டிருந்ததற்காக வேதனைப்பட்டு, கோபத்தோடு சுற்றிலும் பார்த்தார் என்று இருக்கிறது. சத்தம் போடாமல் இருந்தவர்கள் மேல்தான் அந்தக் கோபம். அங்கே யாருடைய இருதயம் சுத்தம்?

இப்போது "சுத்த இருதயம்" என்றதும் நீங்கள் எல்லாரும் பாடுகிற 51-ம் சங்கீதம். லெந்து நாளில் கண்ணீரோடு பாடுகிறோம். அது எந்தச் சூழ்நிலையில் பிறந்தது என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. தாவீது ராஜா உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைச் சண்டை மும்முரமாக நடக்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதி, அந்தக் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்பின கதை. நாத்தான் தீர்க்கதரிசி வந்து ராஜாவிடம் பேசும்போது எந்த உதாரணத்தைச் சொன்னார்? ஐசுவரியவானுக்கு ஆடுமாடுகள் ஏராளம். ஏழைக்கு ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி, பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தது. விருந்தாளி வந்ததும் ஐசுவரியவான் தன் மந்தையில் கை வைக்காமல் ஏழையின் குட்டியைப் பிடித்துச் சமைத்தான். இச்சையைப் பற்றி ஒரு பிரசங்கம் பண்ணியிருக்கலாம் நாத்தான். பண்ணவில்லை. அதிகாரம் உள்ளவன் இல்லாதவனிடம் இருந்ததைப் பறித்தான் என்றுதான் வழக்கை வைத்தார். அந்த வழக்கில் குற்றவாளியாக நின்ற ஒரு ராஜா, எனக்குப் புதிதாக ஒரு சுத்தமான இருதயத்தைச் செய்து கொடும் என்று கெஞ்சின பாட்டு அது. அதை எடுத்து "கெட்ட பார்வைக்கு மருந்து" ஆக்கிவிட்டோம்.

இனிமேல் ஊர்க்கதை.

காட்டுப்பள்ளியை வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் மறந்திருப்பீர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாறும், வடக்கே பழவேற்காடு ஏரி. எல் அண்ட் டி கட்டின துறைமுகம் 2018-ல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அதை ஏறக்குறைய 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கு 2021 ஜனவரி 22-ல் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவித்து, மறுபடி தள்ளிப்போனது. முதலில் துறைமுகம் வந்தபோது குப்பத்தை விட்டுக் குடிபெயர்ந்த மீனவக் குடும்பங்கள், தங்களுக்குச் சொல்லப்பட்ட நிரந்தர வேலை எங்கே என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சங்கீதம் 15-ல் நஷ்டம் வந்தாலும் மாற்றக் கூடாது என்று ஒன்று படித்தோமே, அது இங்கேதான் வந்து நிற்கிறது.

கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையும் காட்டுப்பள்ளியில்தான், மீஞ்சூர் ஆலை என்பார்கள். 2010-ல் திறந்தது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். நல்ல காரியம், நானும் குடித்திருக்கிறேன். தண்ணீர் நகரத்துக்குப் போகிறது, பிரித்தெடுத்த அடர்ந்த உப்புநீர் திரும்பக் கடலுக்கு வருகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் மின்சாரம் நகரத்துக்குப் போகிறது, சாம்பல் செப்பாக்கத்துப் பக்கம் குளமாகத் தேங்குகிறது. மணலியில் இருப்பதன் பெயர் என்ன? சுத்திகரிப்பு ஆலை! கச்சா எண்ணெயைச் சுத்தமாக்குகிற இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அங்கேயிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி, வீட்டுச் சுவர், எல்லாவற்றிலும் கறுப்பு. மீனவர்கள் படகில் போய் மக்கு வாளியால் மொண்டார்கள். அந்த மாதமே, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரவு, பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். நம் வீடுகளில் ஸ்டார் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

2017 ஜனவரி 28-ஐயும் மறக்காதீர்கள். காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்று இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்பதுதான் முதலில் வந்த பேச்சு. பிறகு எர்ணாவூர்ப் பக்கத்துக் கற்களுக்கு நடுவே நின்று நாள்கணக்கில் வாளியால் வாரினது யார்? மீனவர்களும், கடலோரக் காவல்படைப் பிள்ளைகளும், காலேஜ் பிள்ளைகளும். முழங்கை வரைக்கும் கறுப்பு. அந்தக் கறுப்புக் கையைச் சங்கீதம் 24-ன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் நாள் வெள்ளைத் தாளில் அறிக்கை எழுதின கையையும் வைத்துப் பாருங்கள். மலையில் ஏறத் தகுந்தது எது?

நான் சொல்ல வருவது இதுதான். நம் ஊரில் சுத்தம் என்று நடப்பதெல்லாம் அழுக்கை இடம் மாற்றுவது. பெட்ரோல் சுத்தமாகிறது, ஆறு அழுக்காகிறது. நகரம் பளபளக்கிறது, குப்பை கொடுங்கையூருக்குப் போகிறது. சபைகளில் நாம் பேசுகிற இருதய சுத்தமும் அப்படியே ஆகிவிட்டது. என் மனசு நிம்மதியாக இருக்க வேண்டும், அதற்காக அடுத்தவனுடைய அழுகையை வாசலுக்கு வெளியே தள்ளிவிடு. அவன் அழுகைக்கு "பொலிடிக்ஸ்" என்று பெயர் வை. உள்ளே வாசனை வராமல் கதவைச் சாத்து. இதற்குப் பெயர் சுத்தமென்றால், மத்தேயு 23-ல் இயேசு சொன்ன வெளியே கழுவின பாத்திரம் வேறென்ன?

வாசனை என்று எழுதினதும் சில பேருக்குச் சுருக்கென்றிருக்கும். இருக்கட்டும். "மீன் நாத்தம்" என்று சொல்லி வாடகைக்கு வீடு தராத கிறிஸ்தவ வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியும். என்னிடம் படித்த பிள்ளைகள் பட்டிருக்கிறார்கள். தமிழில் சுத்தம் என்ற சொல்லின் வாலில் எப்போதும் தீட்டு தொங்கிக்கொண்டிருக்கிறது. மிஷனரிகள் பைபிளை மொழிபெயர்த்தபோது சொல்லை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள், நாம் வாலையும் சேர்த்து ஆலயத்துக்குள் கொண்டுபோய்விட்டோம். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில், தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், பிற்பாடு இரண்டு சாதிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண நடுவில் சுவர் வைத்து ஆலயம் கட்டினார்கள். கால்சட்டைக் கோயில் என்று பெயர். 1910-ல்தான் சுவர் இடிக்கப்பட்டது, அதற்கும் கோர்ட்டுக்குப் போனார்கள். தேவசகாயம் யார்? மேல்சாதி அதிகாரியாக இருந்து, எல்லாச் சாதியாரோடும் சேர்ந்து பழகினதால் பகை தேடிக்கொண்டு, 1752-ல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டவர். 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். கத்தோலிக்க உறவுகள் பெருமைப்பட்டீர்கள், நானும் சந்தோஷப்பட்டேன்.

புராட்டஸ்டண்டு உறவுகள் சிரிக்க வேண்டாம். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி பார்ப்பதை உடனே முற்றிலும் விட வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரில் எத்தனையோ பேர் சாதியை வைத்துக்கொண்டு சபையை விட்டார்கள். பாட்டிலும் ஜெபத்திலும் குறைவில்லாதவர்கள்தான் அவர்களும்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார், எனக்குத் தெரியும். "டீச்சர், நீங்கள் கிரியையைப் பேசுகிறீர்கள். இருதயத்தைச் சுத்தமாக்குவது விசுவாசம்தான், அப்போஸ்தலர் 15:9 இருக்கிறதே?" நல்ல கேள்வி. இருக்கிறது, நானும் விசுவாசிக்கிறேன். ஆனால் வசனத்தைப் பாதியிலிருந்து படிக்கக் கூடாது. எருசலேமில் சபை கூடி, புறஜாதியாரைச் சேர்த்துக்கொள்ளலாமா, சேர்த்தால் நம் சடங்கெல்லாம் செய்துவிட்டு வரச் சொல்லலாமா என்று வாக்குவாதம். பேதுரு எழுந்து பேசுகிறார். தேவன் அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை, விசுவாசத்தால் அவர்கள் இருதயத்தைச் சுத்தமாக்கினார் என்கிறார். வித்தியாசம் பார்க்காமையும் இருதய சுத்தமும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. நமக்குப் பிடித்த பாதியை மட்டும் காலண்டரில் அச்சடித்துக்கொண்டோம்.

யாக்கோபு 1:27-க்கும் அதே கதி. உலகத்தால் கறைபடாமல் காத்துக்கொள்வது என்று அதில் இருக்கிறது, உண்மை. ஆடியோக்காரர் அதைச் சொன்னார். அதே வசனத்தில் அதற்கு முன்னால் திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் படுகிற உபத்திரவத்தில் போய்ப் பார்ப்பது என்று இருப்பதைச் சொல்லவில்லை. போய்ப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். அவர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தால் அங்கேதான் போய்ப் பார்க்க முடியும்.

துறைமுகத்திலும் கம்பெனிகளிலும் வேலை செய்கிற என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. கிரேன் ஓட்டுகிறவனும், கன்டெய்னர் எண்ணுகிறவனும், கான்ட்ராக்டில் பாதுகாவலராக நிற்கிறவனும் உழைத்துச் சம்பளம் வாங்குகிறீர்கள், அதில் அசுத்தம் ஒன்றும் இல்லை. உங்களில் பாதிப் பேருக்கு வேலை நிரந்தரம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு 5-ல் எழுதியிருப்பது உங்களுக்காகத்தான். துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நீங்கள் என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்று கேட்கவில்லை. ஒத்துப்போகாத எத்தனையோ பேர் என் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். ஒருவனுடைய கஷ்டத்தை வாயால் சொல்வதே பாவம் என்கிறவர்களோடுதான் என் சண்டை.

மீனவர்கள் எல்லாரும் பரிசுத்தவான்கள் என்றும் நான் சொல்லவில்லை. பழவேற்காட்டில் "பாடு" என்று ஒரு முறை உண்டு, எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. கேட்டால் அழகான ஏற்பாடு. ஆனால் அந்த முறை ஒரு சாதிக்கு உள்ளேதான் சுற்றி வந்தது. அதே தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் துழாவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களுக்கு அதில் பங்கில்லை. எண்ணெய் வந்தாலும் சாம்பல் வந்தாலும் முதலில் உடம்பில் படுவதும் அவர்களுக்குத்தான், நிவாரணப் பட்டியலில் பெயர் தேட வேண்டியிருப்பதும் அவர்களுக்குத்தான். படகும் வலையும் இருந்தால் கணக்கு காட்டலாம். கைக்கு என்ன ரசீது?

அந்த மலைப்பிரசங்க வசனத்தில் சுத்த இருதயத்துக்குக் கொடுக்கப்பட்ட பலன் என்ன? ஆடியோவில் பதினேழு நிமிஷத்தில் இதை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. நிம்மதி என்று இல்லை, ஆசீர்வாதம் என்று இல்லை, வீடு கார் என்று இல்லவே இல்லை. தேவனைப் பார்ப்பது. பார்ப்பதற்குத்தான் சுத்தம் வேண்டும். போன வருஷம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தார்கள். கட்டு அவிழ்த்ததும் என் வீட்டுச் சுவர் இத்தனை அழுக்காக இருந்ததா என்று திடுக்கிட்டேன். புரை இருந்தவரைக்கும் எல்லாம் மங்கலாக, அழகாகத்தான் இருந்தது. தேவனை எங்கே பார்ப்பது என்று கேட்டால் அதே மத்தேயு 25-ம் அதிகாரத்தில் விலாசம் கொடுத்திருக்கிறார்: பசித்தவன், தாகத்தோடிருந்தவன், வஸ்திரமில்லாதவன், சிறையில் கிடந்தவன். அங்கே இடதுபக்கம் நின்றவர்கள் கெட்ட காரியம் செய்ததாக ஒரு வரியும் இல்லை. எப்போது ஆண்டவரே உம்மைப் பார்த்தோம் என்றுதான் கேட்கிறார்கள். உண்மையாகவே பார்க்கவில்லை பாவம்.

தம்பி, நீங்கள் எனக்காக ஜெபிப்பதாகக் குரூப்பில் எழுதியிருந்தீர்கள். நன்றி, ஜெபியுங்கள், எனக்குத் தேவைதான். உங்கள் மகள் கல்யாணத்துக்கு நான் வரக் கூடாது என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பத்திரிகை வந்தாலும் வராவிட்டாலும் வருவேன், அவளுக்கு "அ" எழுதிக் கொடுத்தவள் நான்.

மன்றாட்டுச் சீட்டை மறுபடியும் எழுதியிருக்கிறேன். அதே வரிதான், இருளர் குடும்பங்களையும் சேர்த்திருக்கிறேன், கொஞ்சம் நீண்டுவிட்டது. இந்த ஞாயிறு காலை முதல் ஆராதனைக்கு முன்னால் கொடுப்பேன். அந்தச் சபையைச் சேர்ந்த என் பிள்ளைகள் பதினோரு பேராவது இதைப் படிக்கிறீர்கள், எனக்குத் தெரியும். கீழே ஆமென் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எட்டு மணிக்கு வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டாவது முறையும் திருப்பிக் கொடுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேட்போம்.